பெண்டோ: மூடியை எப்போது மூடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய 'பெண்டோ' மதியச் சாப்பாடு பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. கடல்பாசியில் கண் வைத்த சோற்றுக் கரடி, பூவாக வெட்டிய கேரட், பச்சை லெட்டூஸ் விரிப்பு, நறுக்கிய தக்காளி, வெள்ளரி, ஓரத்தில் மயோனைஸ் என்று படம் அழகாக இருந்தது. ஆனால் டப்பாவின் மூடியை எப்போது மூட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மதுரையில் காலை ஏழரைக்கு மூடி மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கிற டப்பாவுக்கு அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் குறையை நிரப்பவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்டோ என்பது ஆறிய பிறகு சாப்பிடுவதற்கென்றே சமைக்கிற சாப்பாடு. அரிசியைத் தேர்ந்தெடுப்பது, வெஞ்சனத்தைச் சுண்ட வைப்பது, டப்பாவின் ஆழம், சுற்றுகிற துணி எல்லாமே இந்த ஒரு நோக்கத்துக்காக அமைந்தவை. கரடி, பூனை முகம் வைத்து அலங்கரிப்பதை அங்கே 'கியாராபென்' என்பார்கள். அது பெண்டோவின் ஒரு கிளைதான். மிக எளிய பெண்டோ 'ஹினோமாரு': வெள்ளைச் சோறு, அதன் நடுவில் உப்பில் ஊறிய 'உமெபோஷி' காய் ஒன்று, அவ்வளவே. அந்நாட்டுக் கொடியின் சிவப்பு வட்டம்போல் இருப்பதால் அந்தப் பெயர். நம் ஊருக்கும் இது புதிதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த சனங்கள் கொண்டுவந்த கட்டுச்சோறும் ஆறிய பிறகு சாப்பிடத்தான் சமைக்கப்பட்டது. புளியும் நல்லெண்ணெயும் வாட்டிய வாழை இலையும் அதில் வீணாக இல்லை.

சோற்றிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் நம் வீடுகளில் பெண்டோ முதலில் தோற்பது சோற்றில்தான். ஜப்பானில் பயன்படுவது குட்டையான, ஒட்டுகிற அரிசி. அதில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் குறைவு. நம் பொன்னிப் புழுங்கலில் அது அதிகம். சோறு ஆறும்போது அமைலோஸ் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் இருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. அதனால்தான் சூடாக இருக்கையில் பூப்போல இருந்த சோறு மதியம் விறைத்துப் பருக்கை பருக்கையாக நிற்கிறது. இன்னொரு காரணம் வடிப்பது. கஞ்சியோடு ஒட்டும் தன்மையும் போய்விடுகிறது. ஆகவே பெண்டோவுக்கு வடித்த சோறு வேண்டாம். தண்ணீரை அளந்து வைத்து, முழுவதும் வற்றும்படி பொங்க வேண்டும்.

விலை கொடுத்து ஜப்பானிய அரிசி வாங்கத் தேவையில்லை. புதிய பச்சரிசி போதும். ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டேகால் ஆழாக்குத் தண்ணீர் விட்டு குக்கரில் மூன்று விசில் விடுங்கள். பழைய அரிசியென்றால் தண்ணீர் இரண்டரை ஆழாக்கு. (நம் ஆழாக்கு ஏறக்குறைய 168 மி.லி.; ஜப்பானியர் அரிசி அளக்கும் 'கோ' 180 மி.லி. அவர்கள் குறிப்பில் ஒரு கோ என்று இருந்தால் தயங்காமல் ஒரு ஆழாக்கு எடுக்கலாம்.) ஒரு ஆழாக்கில் 600 மி.லி. டப்பா இரண்டுக்குச் சோறு வரும். இன்னும் ஒட்ட வேண்டுமென்றால் கவுனி அரிசி இரண்டு மேசைக்கரண்டி. அதை முந்தின இரவே ஊறவைத்துச் சேர்த்தால் சோறு லேசான கத்தரிப்பூ நிறத்தில் வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கவுனி சேர்த்தால் இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும். சோறு சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கரண்டியின் விளிம்பால் வெட்டுவதுபோலக் கிளறினால் மதியம்வரை அவ்வளவாக விறைக்காது. மசித்துவிட்டால் களியாகிவிடும்.

அடுத்தது ஆறவைப்பது. இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை. சூட்டோடு மூடினால் நீராவி மூடியில் பட்டு நீராகி, திரும்பச் சோற்றிலும் பொரியலிலும் சொட்டும். உள்ளே ஈரமும் இளஞ்சூடும் மணிக்கணக்கில் தங்கும். கிருமிகள் பெருக இதைவிடத் தோதான இடம் கிடையாது. சோற்றில் குறிப்பாக 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி அவை உண்டாக்கும் நச்சில் ஒரு வகை, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. 'மதியம் ஓவனில் வைத்துச் சாப்பிட்டுக்கொள்' என்று சொல்வதால் தீராத சிக்கல் இது. பழைய சோறு சாப்பிடுகிறோமே என்று கேட்பார்கள். அது நீரில் ஊறிப் புளித்த சோறு, புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே ஆட்சி செய்கின்றன. வெதுவெதுப்பாக மூடிக்கிடந்த சோறு வேறு.

செய்யும் முறை இதுதான். குக்கர் ஆவி அடங்கியதும் சோற்றை எடுத்து, டப்பாவில் பாதி இடத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே லேசாக அழுத்திப் பரப்புங்கள். ஆறிய சோறு வடிவத்துக்கு அடங்காது, வெதுவெதுப்பில் அடங்கும். பிறகு மூடாமல், டப்பாவை ஒரு அகலத் தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றி அதன் நடுவே வைத்து, மேலே வலைமூடி கவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். எவர்சில்வர் டப்பாவானால் அடியிலிருந்தும் சூடு இறங்கும். நான்கைந்து செ.மீ. ஆழமுள்ள தட்டை டப்பாவில் அரைமணி நேரம் போதும். நம் வழக்கமான உயரமான வட்ட டிபன் பாக்ஸில் ஒரு மணி நேரம் ஆனாலும் நடுச்சோற்றில் சூடு போகாது. பெண்டோ டப்பாக்கள் தட்டையாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. வெஞ்சனங்களைத் தனித்தனித் தட்டில் பரப்பி ஆறவையுங்கள், சட்டியிலேயே விட்டால் சட்டியின் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். எல்லாம் ஆறியதா என்று மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. டப்பாவின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு இல்லையென்றால் மூடலாம். ஏழரைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஆறரைக்குள் அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் அளவுக்கு ஜப்பானில் ஒரு நல்ல கணக்கு உண்டு. ஒழுங்காக நிரப்பிய பெண்டோவில், டப்பாவின் கொள்ளளவு எத்தனை மி.லி.யோ ஏறக்குறைய அத்தனை கிலோகலோரி இருக்கும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு 450 முதல் 500, ஆறாம் வகுப்பை ஒட்டி 600, மேல்நிலைப் பையன்களுக்கு 800 மி.லி. என்பது தோராயம். மாசி வீதிப் பாத்திரக்கடைகளில் வாங்கும்போது கொள்ளளவு எழுதியிருக்காது, வீட்டில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். கிளிப்பும் ரப்பர் வளையமும் உள்ள, தட்டையான, நீள்சதுர எவர்சில்வர் டப்பா போதும். அலுமினியம் வேண்டாம். ஹினோமாருவின் உப்பும் புளிப்பும் பட்டு ஜப்பானின் பழைய அலுமினிய டப்பா மூடிகளில் ஓட்டை விழுந்ததுண்டு. நம் புளிச்சோறும் அதையே செய்யும்.

நிரப்பும் விகிதம் 3-1-2. பரப்பில் பாதி சோறு. மீதிப் பாதியில் மூன்றில் ஒரு பங்கு முட்டை, மீன், கோழி, பருப்பு போன்ற புரதம், இரண்டு பங்கு காய்கறி. அதாவது புரதத்தைப் போல இரண்டு மடங்கு காய். நம் டப்பாக்களில் முக்கால்வாசி சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கும் இருப்பதைப் பார்க்கையில், தங்கள் பக்கத்தில் கரடிக்குக் கொடுத்த இடத்தை இந்த விகிதத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இதோடு சேர்ந்த விதி இன்னொன்று: எண்ணெயில் பொரித்தது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றவை வேகவைத்ததும் வதக்கியதுமாக மாறி மாறி வரட்டும்.

புரதத்துக்கு 'தமாகோயாகி' என்ற சுருள் முட்டை நம் தோசைக்கல்லிலேயே வரும். இரண்டு டப்பாவுக்கு இரண்டு முட்டை, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி. சோளமாவு அரைத் தேக்கரண்டியை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துச் சேர்த்தால், ஆறிய பிறகு முட்டையிலிருந்து நீர் கசியாது. நுரை வராமல் கலக்குங்கள். மிதமான தீயில் கல்லில் எண்ணெய் தடவி, மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, மேலே முக்கால் பதம் இறுகியதும் ஒரு ஓரத்திலிருந்து சுருட்டி எதிர் ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெற்றிடத்தில் மறுபடி எண்ணெய் தடவி அடுத்த பங்கை ஊற்றி, சுருளைக் கொஞ்சம் தூக்கி அடியிலும் ஓடவிட்டு, சுருளோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும். மூன்றாவது பங்கும் அப்படியே. தீ அதிகமானால் தாள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டாது, வெட்டும்போது பிரிந்துவிடும். தீ குறைந்தால் சுருட்டும்போதே கிழியும். அங்கே வீட்டில் உடனே சாப்பிடுவதற்கு நடுவில் இளகலாக விடுவார்கள். டப்பாவுக்கு அது கூடாது, நடுவரை இறுக வேகவேண்டும். வாட்டிய வாழை இலையில் இறுக்கிச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பிறகு வெட்டினால் வெட்டுவாய் சுத்தமாக இருக்கும். நம் கடைகளில் 'டார்க்' என்று விற்கும் சோயா சாஸ் கெட்டியாகக் கருத்திருக்கும், அது முட்டையை அழுக்கு நிறமாக்கும். 'லைட்' என்று இருப்பதை வாங்குங்கள். அதிலும் உப்பு அதிகம் என்பதால் தனி உப்பைக் குறைத்துப் போடவேண்டும்.

கோழி என்றால் எலும்பில்லாத தொடைக்கறி 100 கிராமுக்குச் சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல். அரைமணி ஊறியதும் சாற்றை வடித்துவிட்டுச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கலாம். துண்டின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஜப்பானில் சொல்லப்படும் அளவு. வெப்பமானி இல்லாத வீட்டில் மிகப் பெரிய துண்டை வெட்டிப் பார்த்து, சாறு தெளிவாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஃப்ரீசரில் இருக்கும் சமைத்த துண்டை அப்படியே டப்பாவில் வைத்தால் மதியத்துக்குள் தானே இளகிவிடும் என்ற யோசனையும் இப்போது பரவுகிறது. ஜப்பானில் அதற்கென்றே தயாரித்து விற்கிற பொருள்களுக்குத்தான் அது பொருந்தும். வீட்டில் உறையவைத்ததை முழுக்கச் சூடாக்கி, ஆறவைத்துத்தான் அடைக்க வேண்டும். சைவ வீடுகளில் சுண்டல், பனீர் வறுவல் எல்லாம் சரி, ஆனால் எங்கள் முதல் தேர்வு பருப்பு உசிலி. பருப்பே காயின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பெண்டோவுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

காய்கறியில் பெரிய எதிரி நீர். ஜப்பானியர் இதற்கு எள்ளை அரைத்துச் சேர்ப்பார்கள், 'கோமாயே' என்று பெயர். பீன்ஸ் 100 கிராமை இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, உப்புத் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் போடாமல் துணியில் பரப்பி ஆறவிடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி எள்ளை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை அரைத் தேக்கரண்டி சேர்த்து, டப்பாவில் வைப்பதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். முன்கூட்டிக் கலந்தால் உப்பு காயிலிருந்து நீரை இழுத்துவிடும். கேரட்டைத் தீக்குச்சிபோல நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கும் 'கின்பிரா'வும் எளிது. 100 கிராமுக்கு ஒரு வரமிளகாய், சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை முக்கால் தேக்கரண்டி. கேரட்டை ஓரமாக ஒதுக்கினால் சட்டியின் அடியில் நீர் ஊறாத அளவுக்குச் சுண்ட வேண்டும். அவர்கள் ஊற்றும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில், கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. அந்த வாசம் வேண்டுமென்றால் கடைசியில் வறுத்த எள் ஒரு தேக்கரண்டி தூவுங்கள். எந்த வெஞ்சனமானாலும் உறைப்பும் உப்பும் வழக்கத்தைவிட ஒரு இழை தூக்கலாக இருக்கட்டும், ஆறினால் சுவை மங்கும்.

நம் காய்களில் சேனை வறுவல், வாழைக்காய் வறுவல், கோவைக்காய், நன்றாகச் சுருள வதக்கிய வெண்டைக்காய் ஆகியவை தாங்கும். தேங்காய்ப்பூ தூவிய பொரியல், கூட்டு, பச்சடி வேண்டாம். தேங்காய் போட்டது வெயிலில் முதலில் ஊசிப்போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. பொரியலுக்கு அடியில் ஒரு தேக்கரண்டி பருப்புப்பொடியோ எள்ளுப்பொடியோ தூவினால் கசிகிற ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். நறுக்கிய தக்காளி, வெள்ளரி, பச்சை இலை ஆகியவை தங்கள் படத்தில் இருந்தன. மூன்றுமே நீர் விடும், மூன்றுமே வேகாதவை. சிறு தக்காளி வைப்பதானால் காம்பைக் கிள்ளி, கழுவி, ஈரம் துடைத்து, நறுக்காமல் முழுதாக வையுங்கள். காம்படியில்தான் அழுக்கும் கிருமியும் தங்கும்.

உமெபோஷிக்கு இங்கே மாற்று உண்டு. அழகர்கோவில் பக்கத்து மாவடு, உப்பு நார்த்தங்காய், எலுமிச்சை ஊறுகாய் எதுவும் சரி. ஆனால் ஒரு காயை நடுவில் வைத்தால் டப்பா முழுவதும் கெடாது என்று எண்ண வேண்டாம், அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டுமே காக்கும். உப்புக் காயைச் சின்னதாக நறுக்கிச் சோறு முழுக்கக் கலந்தால் பலன் கொஞ்சம் கூடும். புளிக்காய்ச்சலோ எலுமிச்சையோ கலந்த சோறு அதைவிட நல்லது. சோற்றை உருண்டை பிடித்து 'ஓனிகிரி' செய்வதானால் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சோற்றில் ஏறினால் அதன் நச்சும் சூட்டுக்கு அழியாது. வாட்டிய வாழை இலைத் துண்டில் 100 கிராம் சோற்றை வைத்து முக்கோணமாக இறுக்குங்கள்.

அடுக்கும்போது முதலில் சோறு, அதன் விளிம்பு சரிவாக. அந்தச் சரிவில் முட்டைச் சுருளோ கோழியோ சாய்ந்து நிற்கும். பிறகு காய்கள், கடைசியில் இடைவெளிகளில் சுண்டல் மாதிரிச் சின்னப் பொருள். டப்பாவைச் சாய்த்தால் எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால் பள்ளிக்குப் போகும் வழியில் எல்லாம் கலந்துவிடும், ஒன்றின் ஈரம் மற்றொன்றில் ஏறும். பச்சைப் புல் மாதிரி அவர்கள் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு, முன்பு நிஜ இலையாக இருந்ததன் நகல்தான். நாம் அனலில் வாட்டி, துடைத்து, ஆறவைத்த வாழை இலையையே கீறி வைக்கலாம்.

இனி வெயில். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் முட்டை, கறி, மீன் வெளியே இருக்கலாமென்பது ஒரு மணி நேரம்தான், அதற்குக் கீழே இரண்டு மணி நேரம். இது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. பங்குனி முதல் ஆடி வரை மதுரையில் ஐந்து மணி நேரம் பையில் கிடக்கும் டப்பாவை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். ஆகவே பனிக்கட்டி வைக்க முடியாத நாளில் முட்டையும் கறியும் வேண்டாம். புளிச்சோறும் ஈரமில்லாத வறுவலும் போதும். பனிக்கட்டி என்றால் 250 மி.லி. தண்ணீர் பாட்டிலில் முக்கால் நிரப்பி இரவே ஃப்ரீசரில் வைத்து, சின்னத் துண்டில் சுற்றி, டப்பாவின் மேல் படுக்க வையுங்கள். குளிர் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் அடியில் வைப்பதில் பலன் குறைவு. சோற்றுப் பக்கம் வைத்தால் சோறு விறைக்கும், முட்டை இருக்கும் பக்கமே சரியான இடம். இரண்டையும் சேர்த்து 50 செ.மீ. சதுரப் பருத்தித் துணியில் நான்கு முனையும் கட்டினால் கசியும் நீரைத் துணி குடித்துக்கொள்ளும். பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த துண்டு இதற்கு மிகவும் ஏற்றது. பள்ளிக்கு அனுப்பும் முன் ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். ஏழரைக்குக் கட்டிப் பள்ளிப் பையில் வைத்துவிட்டுப் பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது பாட்டிலில் கொஞ்சமாவது கட்டி மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பாட்டில் தேவை.

தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் வரும்போது டப்பாவின் கொள்ளளவு, ஆறவைக்கும் நேரம், எந்த மாதங்களுக்கு ஏற்றது என்ற மூன்றையும் செய்முறையோடு அச்சிடுங்கள். பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோளை வெளியிட்டால் நன்று: வெயில் விழும் தாழ்வாரத்தில் சாப்பாட்டுப் பைகளை வரிசையாக அடுக்கிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வகுப்பறைக்குள், சன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரம் ஒரு பெஞ்சு போட்டால் போதும்.

இப்படிக்கு,
மனையியல் ஆசிரியைகள் இருவர்,
திருநகர், மதுரை.